இறப்பவரின் சொல்லும் இருப்பவரின் மௌனமும்

நிக்கோபாரின் கட்சால் தீவில் ரப்பர்த் தோட்டம் நன்றாக நடந்த காலத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. வெயில் ஏறினால் மரத்தில் பால் குறைந்துவிடும். அப்படிப்பட்ட ஒரு கருக்கலில் ஒருவர் வெட்டுப்பட்டு விழுந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஓடி வந்து மடியில் தலையைத் தாங்கிய மனைவியிடமோ உடன் வேலை செய்தவரிடமோ அவர் ஒரு பெயரைச் சொல்கிறார். தீவின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போகும்போது உயிர் இருக்கிறது. சேர்த்தபின் கொஞ்ச நேரத்தில் போய்விடுகிறது. அவர் சொன்ன பெயர் மட்டும் அங்கிருந்து புறப்படுகிறது. கடலில் நானூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே, இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று அழைக்கப்படும் போர்ட் பிளேரில் உள்ள அமர்வு நீதிமன்றத்துக்கு அது போக வேண்டும். தண்டனை விதிக்கப்பட்டால் மேல்முறையீடு கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் சுற்று அமர்வுக்குப் போகும். அங்கும் முடியாவிட்டால் டெல்லிக்கு. இறந்தவரை உயிரோடு ஒருமுறைகூடப் பார்த்திராத நீதிபதிகள், அந்தத் தோட்டத்துப் பாதையில் அந்த நேரத்தில் எவ்வளவு வெளிச்சம் இருந்திருக்கும் என்பதைக் காகிதத்திலிருந்து ஊகித்து, இன்னொரு மனிதர் வாழ்நாள் முழுதும் சிறையில் இருக்க வேண்டுமா என்று முடிவு செய்கிறார்கள்.

இது ஒரு கற்பனைச் சம்பவம்தான். ஆனால் மரண வாக்குமூலமும் நேரில் கண்ட சாட்சியும் சேர்ந்து நிற்கிற ஒவ்வொரு கொலை வழக்கும், எந்த ஊரில் நடந்தாலும், ஏறக்குறைய இந்தப் பயணத்தைத்தான் செய்கிறது. தீவில் தூரம் கண்ணுக்குத் தெரிகிறது. மற்ற ஊர்களில் தெரிவதில்லை.

கட்சாலுக்குத் தமிழர்கள் வந்த கதைக்கும் இந்தச் சட்டத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கை மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்தவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. அப்படித் திரும்பியவர்களில் சில குடும்பங்கள் அந்தமான் நிக்கோபார் வரை அனுப்பப்பட்டு, கட்சாலின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. ஒரு நாட்டை விட்டு வந்தார்கள், குடியுரிமை மாறியது, பயிர் மாறியது. சாட்சியச் சட்டம் மட்டும் மாறவில்லை. ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் எழுதிய 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தையே அடியொற்றி இலங்கையின் 1895-ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டம் அமைந்தது. இரண்டிலும் மரண வாக்குமூலத்துக்கு இடம் தருவது 32-ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு. தேயிலை மலையிலிருந்து வந்த ஒருவர் ரப்பர்க் காட்டில் இறந்தாலும் அவருடைய கடைசிச் சொல்லை அளக்கும் கோல் ஒன்றாகவே இருந்தது. 2024 ஜூலை 1 முதல் இந்தியாவில் பாரதிய சாக்ஷிய அதினியம் நடைமுறைக்கு வந்து பிரிவின் எண் 26 ஆகியிருக்கிறது; உள்ளடக்கம் பெரும்பாலும் பழையதே.

சாகப் போகிறவன் பொய் சொல்ல மாட்டான் என்பது நம் வீடுகளில் யாரும் விவாதிக்காமல் ஏற்றுக்கொள்ளும் ஒன்று. உயிர் போகும் நேரத்தில் சொன்ன சொல்லை மீறினால் குடும்பம் உருப்படாது என்று நம்புகிறவர்கள் நாம். நீதிமன்றங்களும் இதே கருத்தைத் தம் தீர்ப்புகளில் திரும்பத் திரும்ப எழுதுகின்றன. பொய்யை உதட்டில் வைத்துக்கொண்டு யாரும் படைத்தவனைச் சந்திக்கப் போகமாட்டார்கள் என்ற பொருளில் ஒரு பழைய லத்தீன் வாசகமும் உண்டு. 1789-இல் இங்கிலாந்தில் வுட்காக் வழக்கில் நீதிபதி ஐர் சொன்ன விளக்கமும் இதுதான்: மரணம் நெருங்கிவிட்டது, இனி நம்பிக்கை இல்லை என்று அறிந்தவரின் மனநிலை, நீதிமன்றத்தில் சத்தியம் செய்தவரின் மனநிலைக்குச் சமம். அதனால்தான் ஆங்கிலச் சட்டம், இறந்தவர் தாம் பிழைக்கப் போவதில்லை என்று உறுதியாக அறிந்திருந்தால் மட்டுமே அவர் சொல்லை ஏற்றது.

ஸ்டீபன் இந்தியாவுக்குச் சட்டம் எழுதியபோது அந்த நிபந்தனையை விட்டுவிட்டார். பேசும்போது மரணத்தை எதிர்பார்த்தாரா இல்லையா என்பது இங்கே பொருட்டல்ல. 1939-இல் பகலா நாராயணசாமி வழக்கில் பிரிவி கவுன்சில் இதை இன்னும் விரித்தது. ரயில் பெட்டிக்குள் இருந்த டிரங்குப் பெட்டியில் துண்டு துண்டாகக் கிடந்தவர், வீட்டைவிட்டுக் கிளம்பும்போது, கடன் பணம் வாங்கப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். அப்போது அவர் உடலில் ஒரு கீறல்கூட இல்லை. சாவைப் பற்றிய நினைப்பும் இருந்திருக்காது. அந்தச் சொல்லும் சாட்சியமாக ஏற்கப்பட்டது. ஆக, நம் சட்டம் இறப்பவரின் வார்த்தைக்கு இடம் கொடுப்பதற்குக் காரணம் கடவுள் பயம் அல்ல. இனி அவரை அழைத்துக் கேட்க வழியில்லை, அவர் சொல்லையும் தள்ளிவிட்டால் கொலைக்குச் சாட்சியே இல்லாமல் போகலாம் என்ற எளிய தேவையே காரணம். சட்டம் தேவையின்மேல் நிற்கிறது. நம் மனமும் பல தீர்ப்புகளின் நடையும் நம்பிக்கையின்மேல் நிற்கின்றன. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வெளியில்தான் மனிதர்கள் தண்டிக்கப்படுகிறார்கள் அல்லது விடுவிக்கப்படுகிறார்கள்.

ஆங்கிலக் குற்றவியல் சட்டத்தின் வரலாற்றை 1883-இல் வெளியிட்டபோது ஸ்டீபன் இரண்டு செய்திகளைப் பதிவு செய்திருக்கிறார். பஞ்சாபில் குத்துப்பட்டுச் சாகும் ஒருவர், பரம்பரைப் பகையாளிகள் அனைவரையும் அந்த இடத்தில் இருந்ததாகச் சொல்லிவிட்டுப் போவது உண்டு என்று அவருக்குச் சொல்லப்பட்டது ஒன்று. சென்னைக்காரர் ஒருவர் கேட்ட கேள்வி இன்னொன்று: செத்துக்கொண்டிருக்கும் மனிதனுக்கு உண்மை பேச என்ன காரணம் இருக்க முடியும், இத்தகைய சாட்சியத்தை ஏற்கவே கூடாது என்பது அவர் வாதம். நாடுகளுக்கிடையே மனப்பாங்கு எப்படி வேறுபடுகிறது என்பதற்கு உதாரணமாக ஸ்டீபன் இதை வைத்தார். பெயர் தெரியாத அந்தச் சென்னைக்காரரை அப்படி ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. எல்லாரும் தலையாட்டிய ஒரு நம்பிக்கையை அவர் நிறுத்திக் கேள்வி கேட்டார். மரணம் மனிதனைத் தூய்மையாக்குகிறது என்று நாம் விரும்பி நம்புகிறோம். வாழ்நாள் முழுதும் சுமந்த வரப்புத் தகராறும் சாதிக் கோபமும் ரத்தம் வடியும் அந்த அரைமணி நேரத்தில் கழன்று விழுந்துவிடும் என்பதற்கு நம்மிடம் எந்த ஆதாரமும் கிடையாது. வேண்டுமென்றே பொய் சொல்லாதவரும் தவறாகப் பார்த்திருக்கலாம். பின்னாலிருந்து வெட்டியவனை, ஏற்கெனவே மிரட்டிவைத்தவன் என்று மனம் முடிவு செய்துகொள்வது இயல்பு.

நீதிமன்றங்கள் இதை அறியாமல் இல்லை. 1957-இல், ஒரே ஆண்டில், உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி புவனேஸ்வர் பிரசாத் சின்ஹா எழுதிய இரண்டு தீர்ப்புகள் இன்றுவரை கீழமை நீதிமன்றங்களின் கைவிளக்குகளாக இருக்கின்றன. ஒன்று மரண வாக்குமூலம் பற்றியது, மற்றது நேரில் கண்ட சாட்சி பற்றியது. முதலாவது குஷால் ராவ் வழக்கு. நாக்பூரில் கோஷ்டிப் பகையில் வெட்டப்பட்டவர் மருத்துவமனையில் மருத்துவரிடமும் காவல் அதிகாரியிடமும் நடுவரிடமும் அடுத்தடுத்துச் சொன்னவை, சுமார் இரண்டு மணி நேரத்துக்குள் பதிவாயின. மரண வாக்குமூலத்தை வேறு சான்று இல்லாமல் ஏற்கக் கூடாது என்று முன்பு எழுந்த கருத்தை உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. நாட்டு விடுதலைக்கு முன்பே சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு எடுத்திருந்த நிலையை ஏற்றது. நம்பத்தக்கதாக இருந்தால் அதை மட்டும் கொண்டே தண்டிக்கலாம். ஆனால் நம்புவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளையும் அதே தீர்ப்பு வரிசைப்படுத்தியது: தாக்கியவரைப் பார்க்க அவருக்கு வாய்ப்பு இருந்ததா, இரவில் நடந்தது என்றால் போதிய வெளிச்சம் இருந்ததா, நினைவு தெளிவாக இருந்ததா, சொன்னது மாறாமல் இருந்ததா, முதல் வாய்ப்பிலேயே சொன்னாரா, சொல்லிக்கொடுக்க யாராவது அருகில் இருந்தார்களா. இவற்றில் ஒன்றுகூட இறப்பவரின் ஆன்மா பற்றியதல்ல. வெளிச்சம், நேரம், பக்கத்தில் நின்றவர்கள். சென்னைக்காரரின் கேள்விக்கு நீதிமன்றம் தந்த பொறுமையான பதில் இது என்று சொல்லத் தோன்றுகிறது.

இரண்டாவது வழக்கு முத்துப்பேட்டையில் நடந்தது. 1955-இல் ஓர் இரவில் டீக்கடை முன்னால் ஒருவர் கொல்லப்பட்டார். கண்ணால் கண்ட சாட்சி என்று உறுதியாக நின்றவர் அவருடைய மனைவி ஒருவர்தான். ஒரே சாட்சியை நம்பி, அதுவும் இறந்தவரின் மனைவியை நம்பி, மரண தண்டனை விதிக்கலாமா என்பதே மேல்முறையீட்டின் கேள்வி. வடிவேலு தேவர் வழக்கு என்று சட்ட மாணவர் ஒவ்வொருவரும் படிக்கும் அந்தத் தீர்ப்பு, சாட்சிகளின் எண்ணிக்கையைப் பார்க்காதே, தரத்தைப் பார் என்றது. முழுதும் நம்பத்தக்கவர், முழுதும் நம்பத்தகாதவர், இரண்டும் இல்லாதவர் என்று சாட்சிகளை மூன்றாகப் பிரித்து, மூன்றாம் வகைக்கு மட்டுமே வேறு ஆதாரம் தேட வேண்டும் என்றது. குறைந்தது இத்தனை சாட்சி வேண்டும் என்று விதி வைத்தால் தனியே ஒருவர் மட்டும் பார்த்த கொலைகளெல்லாம் தப்பிவிடும், ஆள் சேர்க்கப் பொய்ச் சாட்சிகளும் உருவாகும் என்று நீதிபதி கவலைப்பட்டார். இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1953-இல், நீதிபதி விவியன் போஸ் இன்னொரு வழக்கில், உறவினர் என்பதற்காகச் சாட்சியைத் தள்ளாதீர்கள், உண்மைக் குற்றவாளியைத் தப்பவிட்டு வேறொருவரை மாட்டிவிடக் கடைசியாக நினைப்பவர் நெருங்கிய உறவினர்தான் என்று சொல்லியிருந்தார்.

அறிவுக்கு உகந்த வாதம். ஆனால் அந்த முத்துப்பேட்டைப் பெண்ணை நினைத்துப் பார்க்கும்போது வேறொன்று உறுத்துகிறது. கடைத்தெரு உள்ள ஓர் ஊரில், ஒரு கொலைக்கு, உறுதியாக நின்று பேசியவர் விதவையானவர் மட்டும். சட்டம் அவரை நம்பியது. அது சட்டத்தின் பெருமை. அவரை நம்பியே தீர வேண்டிய நிலை வந்தது ஊரைப் பற்றிய செய்தி.

இறப்பவரின் வாயிலிருந்து நீதிமன்றத்தின் மேசைக்கு ஒரு சொல் போவதற்குள் எத்தனை கைகள் மாறுகின்றன என்பதற்கு வருவோம். 1885-இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. கழுத்து அறுக்கப்பட்ட இளம்பெண்ணால் பேச முடியவில்லை. நடுவர் ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல அவள் கையசைத்துப் பதில் சொன்னாள். கேள்வியையும் சைகையையும் சேர்த்தே வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளலாம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்தார்கள். குரல் இல்லாத அவளுக்கும் சட்டம் காது கொடுத்தது என்பது நெகிழ வைக்கிறது. அதே சமயம், அங்கே பேசியவர் உண்மையில் நடுவர். அவள் அசைத்தாள், அவ்வளவே. எந்தப் பெயர்கள் கேட்கப்பட்டன, எந்தப் பெயர் கேட்கப்படவே இல்லை என்பதில் ஒரு உயிர் தங்கியிருந்தது. நூறாண்டு கழித்தும் உச்ச நீதிமன்றம் தலையசைப்பையும் கண்ணசைவையும் ஏற்கலாம் என்றே சொல்லியிருக்கிறது.

மருத்துவரின் சான்று பற்றியும் இதே தடுமாற்றம் உண்டு. காயம்பட்டவர் நினைவோடு இருந்தார் என்பது போதாது, பேசத்தக்க தெளிந்த மனநிலையில் இருந்தார் என்று மருத்துவர் சான்றளிக்க வேண்டும் என்று 1999-இல் ஓர் அமர்வு சொன்னது. அது கண்டிப்பான தேவையில்லை, எழுதிய நடுவரின் சாட்சியத்திலிருந்தே அறிந்துகொள்ளலாம் என்று 2002-இல் லக்ஷ்மண் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசியல் சாசன அமர்வு முடிவு செய்தது. நகரத்து மருத்துவமனையில் மருத்துவர் பக்கத்து அறையில் இருப்பார். கட்சால் போன்ற இடத்தில், நடுவர் வர வேண்டுமானால் வேறு தீவிலிருந்து வர வேண்டும், கடல் அனுமதிக்க வேண்டும், காயம்பட்டவர் காத்திருக்க வேண்டும். 2002-ஆம் ஆண்டுத் தீர்ப்பு தளர்வாகத் தெரிவது தலைநகரத்தில் இருந்து பார்க்கும்போதுதான். தீவிலிருந்து பார்த்தால் அந்தத் தளர்வு இல்லாவிட்டால் இறப்பவருக்கு வாயே இல்லை. அதே தளர்வு, குற்றம் சாட்டப்பட்டவரின் பக்கம் நின்று பார்த்தால், தம்மைச் சிறைக்கு அனுப்பும் சொல் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் எழுதப்பட்டது என்றாகிறது. இரண்டு பேருமே நியாயம் கேட்கிறார்கள். இரண்டு பேர் கேட்பதையும் முழுதாகக் கொடுக்க முடியாது.

இதில் மொழியும் சேர்கிறது. நிக்கோபாரிகள், தமிழர்கள், ராஞ்சிப் பகுதியிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் என்று கலந்து வாழும் தீவுகள் அவை. காயம்பட்டவர் தமிழில் முனகுவதை, தமிழ் தெரிந்த ஒருவர் இந்தியில் சொல்ல, காவலர் எழுதிக்கொள்ள, போர்ட் பிளேரில் அது ஆங்கிலமாகி, கல்கத்தாவிலிருந்து வந்த நீதிபதிகள் படிக்கும் பக்கமாகிறது. அவன் வந்தான் என்றாரா, அவன்தான் வெட்டினான் என்றாரா, அவனாகத்தான் இருக்கும் என்றாரா? இந்த மூன்றுக்கும் இடையில் விடுதலைக்கும் ஆயுள் தண்டனைக்கும் உள்ள தூரம் இருக்கிறது. கேள்வி பதிலாக, பேசியவரின் சொற்களிலேயே எழுதப்பட்ட வாக்குமூலத்துக்குக் கூடுதல் மதிப்பு என்று குஷால் ராவ் தீர்ப்பு வலியுறுத்தியது இதனால்தான்.

சொல்பவரே மாற்றிச் சொல்லும் வழக்குகள் இதைவிட வேதனையானவை. சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவை அறிந்தவர்களுக்கு, ஸ்டவ் வெடித்தது என்ற வாக்கியம் புதிதல்ல. கணவர் வீட்டார் கட்டிலைச் சுற்றி நிற்கும்போது அந்தப் பெண் அப்படித்தான் சொல்கிறாள். குழந்தைகள் அவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். தான் பிழைத்தால் அங்கேதான் போயாக வேண்டும். பிறகு தாய் வந்ததும், அல்லது பிழைக்கமாட்டோம் என்று தெரிந்ததும், வேறொன்றைச் சொல்கிறாள். பாதுகாப்புத் தரப்பு வழக்கறிஞர் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து, இதில் எதை நம்புவது என்று கேட்கிறார். அது அவர் கடமை. தாய்வீட்டார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதும் சில வழக்குகளில் உண்மையாக இருக்கிறது. எத்தனை வாக்குமூலம் என்பது முக்கியமல்ல, எது நம்பகமானது என்பதே முக்கியம் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சொன்னது. சரிதான். ஆனால் சாகும்போதுகூட, யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று பார்த்துப் பேச வேண்டியிருக்கும் ஒரு பெண்ணின் வாழ்க்கை எப்படி இருந்திருக்கும் என்பதற்கு அந்த இரண்டு முரண்பட்ட காகிதங்களையும்விடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

மறுபக்கத்தையும் முழுதாகப் பார்க்க வேண்டும். இறந்தவரைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. இலங்கையின் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1950-இல் ஆசீர்வாதம் நாடார் வழக்கில், இந்தக் குறையை ஜூரிக்கு நீதிபதி கட்டாயம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்றது. அந்தக் குறையைக் கவனிக்காதபோது என்ன ஆகும் என்பதற்கு உத்தரப் பிரதேசத்தின் பிஜ்னோர் வழக்கு நம் காலத்து உதாரணம். 2014 ஆகஸ்டில் தூங்கிக்கொண்டிருந்த மூவர் தீயில் சிக்கி இறந்தார்கள். மகனையும் இரண்டு சகோதரர்களையும் எரித்ததாக ஒருவர்மேல் குற்றச்சாட்டு. மருத்துவமனையில் எழுதப்பட்ட வாக்குமூலங்களின் அடிப்படையில் விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது, உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று நீதிபதிகள் கவாய், பர்திவாலா, பிரசாந்த் குமார் மிஸ்ரா அடங்கிய அமர்வு, அந்த வாக்குமூலங்கள் நேரில் கண்டவர்களின் சாட்சியத்தோடு பொருந்தவில்லை என்று கண்டு அவரை விடுவித்தது. அதற்குள் எட்டு ஆண்டுகள் அவர் சிறையில் இருந்துவிட்டார். சாகப் போகிறவன் பொய் சொல்ல மாட்டான் என்ற நம் வீட்டு வாக்கியம், இரண்டு நீதிமன்றங்களைத் தாண்டி, ஒரு மனிதரைத் தூக்கு மேடைக்கு மிக அருகே கொண்டுபோயிருக்கிறது.

அப்படியானால் இறப்பவரின் சொல்மேல் இவ்வளவு பாரத்தை ஏன் ஏற்றுகிறோம்? இருப்பவர்கள் பேசாததால் என்பதைத் தவிர எனக்கு வேறு விடை தெரியவில்லை. 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் காலை நேரத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது நடைமேடையில் ஆட்கள் இருந்தார்கள். 2015-இல் திருச்செங்கோட்டில் கடத்தப்பட்டு, ரயில் பாதையில் பிணமாகக் கிடந்த கோகுல்ராஜ் வழக்கில், கடைசியாக அவரோடு இருந்த முக்கியச் சாட்சி நீதிமன்றத்தில் பிறழ்ந்தார். மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் அந்தச் சாட்சியை மறுபடி அழைத்து, கோயில் கண்காணிப்புக் கேமராவின் காட்சியைக் காட்டிக் கேட்டார்கள். அதில் இருப்பது தான் இல்லை என்று பதில் வந்தது. நீதிபதிகள் தாமே திருச்செங்கோட்டுக் கோயிலுக்கும் ரயில் பாதைக்கும் போய்ப் பார்த்தார்கள். 2023 ஜூன் 2 அன்று தண்டனை உறுதியானது. கேமரா பேசியது, சூழ்நிலைகள் பேசின. மனிதர் பேசவில்லை. அந்தச் சாட்சியைக் கோழை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. சாதிக்காகக் கொலை நடந்த ஒரு வட்டாரத்தில், அதே சாதிக்குள், அதே ஊருக்குள் திரும்பிப் போய் வாழ வேண்டியவர் யாரோ அவர்தான் அந்தக் கூண்டில் நின்றார்.

தீவில் இந்த நெருக்கம் இன்னும் இறுகுகிறது. 2001 கணக்கெடுப்பில் கட்சாலின் மக்கள்தொகை 5,300-க்கு மேல். 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலைக்குப் பிறகு, 2011-இல், 2,685. அன்று போனவர்கள் யாருக்கும் ஒரு வார்த்தை சொல்ல நேரம் கிடைக்கவில்லை; பலருக்கு உடலும் கிடைக்கவில்லை. அவ்வளவு சொல்லற்ற சாவுகளைப் பார்த்த ஓர் ஊரில் ஒருவரின் கடைசிச் சொல் ஓர் அதிகாரியால் எழுதப்பட்டு, இரண்டு மூன்று நீதிமன்றங்களால் எழுத்தெழுத்தாக வாசிக்கப்படுகிறது என்றால், அது ஒரு சமூகம் தன் மனிதருக்குச் செய்யும் பெரிய மரியாதை. ஆனால் மூவாயிரம் பேர்கூட இல்லாத இடத்தில், கொலையைப் பார்த்தவர் சாட்சி சொல்லிவிட்டு எங்கே போவார்? வெட்டியவரின் அண்ணனும் அவரும் ஒரே கடையில் அரிசி வாங்க வேண்டும், ஒரே கப்பலில் பயணம் செய்ய வேண்டும். விசாரணைக்காகப் போர்ட் பிளேருக்குப் போகும்போது, அரசுத் தரப்புச் சாட்சியும் குற்றம் சாட்டப்பட்டவரின் குடும்பமும் ஒரே கப்பலின் தளத்தில் பாய் விரித்துப் படுக்க நேரலாம். நகரத்தில் சாட்சியை மிரட்டத் தேடிப் போக வேண்டும். இங்கே எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாலே போதும்.

சாட்சிகளைக் காக்க வேண்டும் என்பது நாட்டுக்குத் தெரியாத விஷயமல்ல. 2018 டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்து, நாடாளுமன்றம் சட்டம் இயற்றும்வரை அதுவே சட்டம் என்று அறிவித்தது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 398-ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநில அரசும் இத்தகைய திட்டத்தை வகுக்க வேண்டும் என்கிறது. அடையாளத்தை மறைப்பது, இடம் மாற்றுவது, காவல் போடுவது எல்லாம் 2018 திட்டத்தில் உண்டு. நிலப்பரப்பை மனதில் வைத்து எழுதப்பட்டவை இவை. ஒருவரை ஒருவர் நடையை வைத்தே அடையாளம் காணும் தீவில் அடையாளத்தை மறைப்பது எப்படி? தோட்ட வேலையும் தென்னையும் மட்டும் அறிந்த குடும்பத்தை எந்த ஊருக்கு இடம் மாற்றுவது? ஒருமுறை கடல் கடந்து வந்தவர்களையும், தம் மூதாதையர் மண்ணை விட்டு வேறிடத்தை அறியாத நிக்கோபாரிகளையும், உண்மை சொன்னதற்காக மறுபடி பெயர்ப்பதைப் பாதுகாப்பு என்று அழைக்க முடியாது.

இங்கே செய்யக்கூடியவை சிறியவை, செலவும் அதிகம் இல்லை. சாட்சியும் எதிர்த்தரப்பும் ஒரே கப்பலில் போகாதபடி நாள் குறிப்பது. போர்ட் பிளேரில் சாட்சிக்குத் தங்குமிடமும் இழந்த கூலியும் கொடுப்பது. முடிந்தால் தீவிலிருந்தே காணொளி வழியாகச் சாட்சியம் பெறுவது. தொலைதூரத் தீவுகளின் ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும், காயம்பட்டவர் பேசுவதை அவர் பேசும் மொழியிலேயே, ஒலியும் படமுமாகப் பதிவு செய்யப் பழகிய ஒருவரை வைத்திருப்பது. கடைசியாகச் சொன்னது இறந்தவருக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் சேர்த்தே நன்மை. அவன் வந்தான் என்றாரா, அவன்தான் வெட்டினான் என்றாரா என்பதை மேல்முறையீட்டில் நீதிபதிகள் தாமே கேட்டுக்கொள்ளலாம். மொழி தெரியாவிட்டால் தெரிந்தவரை அழைத்துக் கேட்கலாம். அந்தமான் நிக்கோபார் நிர்வாகம் 398-ஆம் பிரிவின் கீழ் திட்டம் வகுக்கும்போது இவற்றைத் தீவுகளுக்கென்று தனியே எழுதிச் சேர்க்க வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெட்டுப்பட்டோ எரிந்தோ கிடக்கும் ஒருவர் அருகில் நீங்கள் நிற்க நேர்ந்தால், அவரிடம் பெயர்களைச் சொல்லிக் கேட்காதீர்கள். என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள். அவர் சொன்னதை, அவர் சொன்னபடியே, அன்றைக்கே காவல் நிலையத்தில் சொல்லுங்கள். உங்கள் கண் பார்த்ததை அதிலிருந்து பிரித்துத் தனியாகச் சொல்லுங்கள்.